‘ரோட் டெக்ஸ் கட்டாதவனுக்கு ரோடு எதுக்கு?’: வரி, உதவித்தொகை, சைக்கிள் பற்றி நியாயமாக வாதிடுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவில், சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தின் வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்து விழுகிறது. ஈப்போ போகும் சாலையில் பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் ஹெல்மெட், இரண்டிரண்டு பேராகச் சைக்கிளில் போகிறார்கள். கீழே முதல் கருத்து: “ரோட் டெக்ஸ் கட்டுறது நாம, ரோட்ட அடைச்சிக்கிட்டுப் போறது இவங்க.” அடுத்தது: “பணக்காரனுக்கு சைக்கிள், ஏழைக்கு எஸ்டிஆர், நடுவுல வரி கட்டியே சாகுறது நாமதான்.” மூன்றாமவர்: “எஸ்டிஆர் வாங்குறவங்க என்ன, உங்க காசுலயா சாப்பிடுறாங்க?” (எஸ்டிஆர் என்பது குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு கொடுக்கும் ரொக்க உதவி.) அதன் பிறகு குரல் பதிவுகள். மத்தியானத்துக்குள் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விடுகிறார்கள்.

இவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. பேசிய விஷயமும் வீண் விஷயம் இல்லை. வரியும் உதவியும் சாலையும் நம் எல்லாருடைய காசு, நம் பிள்ளைகளின் உயிர். பிசகு எங்கே நடக்கிறது என்றால், ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. ஒன்று நடப்பு: யார் என்ன வரி கட்டுகிறார், சட்டம் என்ன சொல்கிறது. இன்னொன்று காரணம்: இது நடந்தால் அது நடக்குமா. மூன்றாவது நியாயம்: யாருக்கு எது சேர வேண்டும். நடப்பை எண்ணைப் பார்த்துத் தீர்க்கலாம். காரணத்துக்கு எண்ணோடு கொஞ்சம் பொறுமையும் வேண்டும். நியாயம் எந்த எண்ணாலும் தீராது. அங்கே மனிதர்கள் மாறுபடத்தான் செய்வார்கள். மூன்றையும் சேர்த்து அடித்தால், நடப்பைத் திருத்தினாலே தன் நியாயத்தை அவமதித்ததாக எதிராளி எடுத்துக்கொள்வார். ஆகவே பதில் எழுதுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, எதிரே இருக்கும் வாக்கியத்தைப் பிரிப்பது.

அந்த முதல் கருத்தையே எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்ப்போம்.

சாலை யாருடையது?

“ரோட் டெக்ஸ் கட்டுறது நாம” என்பது நடப்பு. சரிபார்க்கலாம். தீபகற்ப மலேசியாவில் 150 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). 1.5 லிட்டர் மைவி காருக்கு 90 வெள்ளி. சைக்கிளுக்குச் சாலை வரி இல்லை. அதுவரை கருத்து சரி.

ஆனால் அதற்குள் சொல்லாமல் ஒளிந்திருக்கும் ஒரு காரணம் உண்டு: சாலை வரிக் காசில்தான் சாலை போடுகிறார்கள், ஆகவே கட்டியவருக்குத்தான் உரிமை. இது நிற்காது. கூட்டரசு வசூலிக்கும் வரிகள், அரசமைப்புச் சட்டத்தின் 97ஆம் விதிப்படி, ஒரே பொதுக் கணக்கில் போய்ச் சேர்கின்றன. சாலை வரி, வருமான வரி, விற்பனை வரி எல்லாம் அங்கே கலந்துவிடும். மாநிலச் சாலைகளைப் பராமரிக்க அதிலிருந்துதான் மாநிலங்களுக்கு மானியம் போகிறது. வீடமைப்புப் பகுதித் தெருக்களை நகராண்மைக் கழகம் பார்த்துக்கொள்கிறது. அதன் பெரிய வருமானம் ஆண்டுக்கு இரண்டு தடவை நாம் கட்டும் வீட்டு வரி. தோட்டத்துக்குள் இருக்கும் செம்மண் பாதை தோட்ட நிர்வாகத்தின் சொத்து. சைக்கிளில் போகிறவர் வீட்டு வரி கட்டுகிறார், கடையில் சாமான் வாங்குகிறார். அவருடைய காசும் சாலையில் இருக்கிறது. போதாததற்கு, 2025 ஜூலை 1 முதல் பந்தய சைக்கிள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி வந்திருக்கிறது.

கட்டிய அளவுக்குத்தான் உரிமை என்று வைத்துக்கொண்டால் இன்னொரு சிக்கலும் வரும். மைவி ஓட்டுகிறவருக்குக் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரைப் போல 45 மடங்கு உரிமை என்று ஆகிவிடும். குழுவில் பாதிப் பேர் கப்சாய் ஓட்டுகிறவர்கள். இதை ஏளனமாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டால், எதிராளி தன் வாக்கியத்தைத் தானே திருத்திக்கொள்ள இடம் கிடைக்கும்: “அண்ணே, அப்படிப் பார்த்தா ரெண்டு வெள்ளி கட்டுற மோட்டார்காரருக்கு எவ்வளவு ரோடு?”

சாலை எதனால் கெடுகிறது என்பதும் இதே பேச்சில் வந்து சேரும். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு தோராயக் கணக்கை எடுத்தார்கள். அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஆகும் சேதம் சுமார் 16 மடங்கு. அதாவது நான்காம் அடுக்கு. ஒரு காரின் அச்சில் அரை டன், செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் அச்சில் பத்து டன் என்று வைத்தால் சுமை வித்தியாசம் 20 மடங்கு. சேத வித்தியாசம் 1,60,000 மடங்கு. சைக்கிளின் பங்கு கணக்கிலேயே வராது. ஆனால் இதை வைத்து லோரிக்காரர் மேல் பாயக் கூடாது. குலை ஏறாவிட்டால் இந்த ஊரில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை.

இனி, முதல் கருத்தில் இன்னும் ஒரு துண்டு மிச்சம்: “ரோட்ட அடைச்சிக்கிட்டு”. இதில் உண்மையான குறை இருக்கலாம். அதை ஒத்துக்கொள்ளாமல் சாலை வரிக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் வென்ற மாதிரி இருக்கும், பேச்சு நகராது. பன்னிரண்டு பேர் ஒற்றை வரிசையில் போனால் அந்த வரிசை நாற்பது மீட்டரைத் தாண்டும். முந்துவதற்கு நீண்ட நேரம் எதிர்ப்பாதையில் போக வேண்டும். இரண்டிரண்டு பேராகப் போனால் நீளம் பாதியாகிறது, அகலம் கூடுகிறது. ஓரமே இல்லாத இருவழிச் சாலையில் இரண்டுமே சங்கடம்தான். நான்கைந்து பேராகப் பிரிந்து, இடையில் ஒரு கார் நுழைய இடம் விட்டுப் போவதே நல்லது. நம் ஊரில் ஏழு மணிக்குமேல்தான் நன்றாக வெளுக்கும். அதற்கு முன்னால் பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல் புறப்படுகிறவரைக் குறை சொன்னால் அது முழுக்க நியாயமான குறை. அதைச் சொல்லும்போது “சைக்கிள்காரன் எல்லாம்” என்று ஆரம்பிக்காமல் “விளக்கில்லாமல் போகிறவர்கள்” என்று ஆரம்பித்தால் போதும். விளக்கு வைத்திருப்பவரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

அந்தப் படத்தில் இல்லாத சைக்கிள்காரர்களை மறந்துவிடுவதுதான் இந்த வாதத்தின் பெரிய அநியாயம் என்று நினைக்கிறோம். தோட்டப்புற நகரத்தில் நிறைய மிதிப்பவர்கள் ஞாயிறு காலைக் கூட்டத்தார் இல்லை. வேலை முடிந்து டவுனுக்கு அரிசி வாங்க வரும் வங்காளதேசி, நேப்பாளித் தொழிலாளிகள், லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, லைசென்ஸ் எடுக்காத தாத்தா, இவர்கள்தான். இவர்களிடம் ஹெல்மெட்டும் கிடையாது, வாட்சாப் குழுவில் இடமும் கிடையாது. “சைக்கிளைத் தடை செய்” என்று எழுதினால் அந்த அடி முதலில் இவர்கள் மேல்தான் விழும்.

“சம்பளம் கூடினா கையில வர்றது குறையும்”

வரி பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் தவறான நடப்பு இது. பலர் சம்பள உயர்வு என்றாலே பயப்படுகிறார்கள், சிலர் ஓவர்டைமைக்கூட மறுக்கிறார்கள். கணக்கைப் போட்டுக் காட்டுவதே நல்ல பதில்.

2023 மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள விகிதம் இது: கழிவுகள் எல்லாம் போக மிஞ்சும் வருமானத்தில் முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 15,000க்கு 1 விழுக்காடு, அதற்கடுத்த 15,000க்கு 3, பிறகு 6, 11, 19 என்று ஏறும். ஒவ்வொரு விகிதமும் அந்தந்தப் படியில் விழும் காசுக்கு மட்டுமே. 70,000 வெள்ளிக்கு வரி 3,700. வருமானம் 71,000 ஆனால் கூடுதலான ஆயிரத்துக்கு மட்டும் 19 விழுக்காடு, அதாவது 190 வெள்ளி. மொத்தம் 3,890. கையில் 810 வெள்ளி கூடியிருக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் நாமும் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஒரே ஒரு இடத்தில் எதிராளி சொல்வது சரி. வரிக்குரிய வருமானம் 35,000 வரை இருந்தால் வரியிலிருந்து 400 வெள்ளி தள்ளுபடி கிடைக்கிறது. 35,000க்கு வரி 600, தள்ளுபடி போக 200. வருமானம் 35,100 ஆகிவிட்டால் தள்ளுபடி போய்விடும், வரி 606. நூறு வெள்ளி கூடியதற்கு 406 வெள்ளி கூடுதல் வரி. இந்த விளிம்பில் நிற்கிறவர் கழிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். விளையாட்டுக்கான 1,000 வெள்ளிக் கழிவில் மோட்டார் இல்லாத சைக்கிளும் அடங்கும். ரசீது இருந்தால் அந்த விளிம்புக்குக் கீழே வந்துவிடலாம். “நீங்க சொல்றது இந்த ஒரு இடத்துல நடக்குது அண்ணே, மத்த இடத்துல இல்ல” என்று எழுதிப் பாருங்கள். தான் பார்த்த ஏதோ ஒன்று உண்மை என்று தெரிந்துவிட்டால் மனிதர் மிச்சத்தைக் கேட்பார்.

அதே சைக்கிள் கழிவு, நியாயம் பற்றிய வாதத்துக்கும் கதவைத் திறக்கிறது. 25 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு அது 250 வெள்ளி மிச்சம். 3 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு அதிகம் போனால் 30. குறைந்தபட்ச சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு ஆண்டு வருமானம் 20,400. தனிநபர் கழிவு 9,000 போனால் 11,400. அதற்கு வரி 64 வெள்ளி, தள்ளுபடிக்குப் பின் ஒன்றுமில்லை. அவர் சைக்கிள் வாங்கினால் அவருக்கு மிச்சமும் ஒன்றுமில்லை. இது சரியா என்று கேட்டால் அது நியாயக் கேள்வி. “வரி கட்டுறவருக்குத்தானே கழிவு” என்று ஒருவரும், “தேவையுள்ளவருக்கு ஏன் இல்லை” என்று இன்னொருவரும் சொல்லலாம். இருவரும் எண்களில் ஒத்துப்போன பிறகு நடக்கும் வேறுபாடு அது. அந்த வேறுபாடு ஆரோக்கியமானது.

ஜிஎஸ்டியா (பொருள், சேவை வரி) எஸ்எஸ்டியா (விற்பனை, சேவை வரி) என்ற பழைய சண்டைக்கும் இதே மருந்து. 6 பெரிதா 10 பெரிதா என்று விகிதத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். தொழிற்சாலையை விட்டு 50 வெள்ளிக்குப் புறப்பட்டுக் கடையில் 100க்கு விற்கும் பொருளுக்கு, 2015 ஏப்ரல் முதல் 2018 மே வரை இருந்த 6 விழுக்காடு ஜிஎஸ்டி 6 வெள்ளி. தொழிற்சாலை விலை மேல் 10 விழுக்காடு விற்பனை வரி 5 வெள்ளி. ஆனால் கடைக்காரர் வரி சேர்ந்த 55 வெள்ளியையே இரட்டித்து விற்றால் விலை 110. எதன் மேல் விகிதம் என்று கேட்காமல் எது கனம் என்று சொல்ல முடியாது.

உதவி: இரண்டு வகைப் பிழை

“தகுதியில்லாதவன் எல்லாம் வாங்குறான்” என்று ஒருவர். “கஷ்டப்படுறவங்களுக்குக் கிடைக்கல” என்று இன்னொருவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பொய் சொல்வதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே உண்மை. எந்த உதவித் திட்டத்திலும் இரண்டு பிழைகள் உண்டு: சேரக் கூடாதவர் சேருவது, சேர வேண்டியவர் விடுபடுவது. ஆவணங்களைக் கடுமையாகக் கேட்டால் முதலாவது குறையும், இரண்டாவது கூடும். தளர்த்தினால் மறுதலை. எந்தப் பிழையை அதிகம் பொறுத்துக்கொள்வது என்பதுதான் உண்மையான வாதம்.

எஸ்டிஆர் இனம் பார்த்துக் கொடுப்பதல்ல. குடிமக்களுக்கு, குடும்ப வருமானம் மாதம் 5,000 வெள்ளிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. தோட்டப்புறத்தில் விடுபடுவது யார் என்று கொஞ்சம் யோசித்தாலே தெரியும். சிவப்பு அடையாள கார்டோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியாக, ஆயுள் முழுக்க இங்கேயே பால் மரம் வெட்டிய பாட்டி குடிமகள் கணக்கில் வரமாட்டார். பாரம் பூர்த்தி செய்ய ஆளில்லாத முதியவரும் விடுபடலாம். சேரக் கூடாதவர் எப்படிச் சேருகிறார் என்றால், கையில் காசு வாங்கும் வியாபார வருமானம் பதிவில் இல்லாமல் போவதால். உங்கள் எதிராளி இதில் எதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார் என்று கேளுங்கள். எப்போதும் ஒரு குறிப்பிட்ட ஆளை மனதில் வைத்துத்தான் பேசுவார்.

அந்த ஆளின் பெயரைக் குழுவில் எழுத விடாதீர்கள். அவருடைய வீட்டுப் படம், புதுக் கார் படம் எதுவும் வேண்டாம். சந்தேகம் உண்மையாகவே இருந்தால் உரிய துறைக்குப் புகார் போகட்டும். இணையத்தில் பிறரைத் துன்புறுத்தும் பதிவுகளுக்கான, தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு 2025 பிப்ரவரியில் கடுமையானது. தண்டனை 5 லட்சம் வெள்ளி அபராதம், இரண்டு ஆண்டு சிறை வரை போகலாம். சட்டம் கிடக்கட்டும், நாளைக்குக் கோயிலில் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

“காசு கொடுத்தா சோம்பேறியாயிடுவாங்க” என்பது காரணம் பற்றிய கூற்று. அதற்கு அளவு கேளுங்கள். 2025இல் 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்ட் எனும் அடையாள அட்டை வழியாக, சாமான் வாங்க 100 வெள்ளி சாரா உதவி வந்தது. குறைந்தபட்ச சம்பளத்தில் ஒருநாள் கூலி, வாரம் ஆறு நாள் கணக்கில், 65 வெள்ளி 38 காசு. ஆக, அது ஒன்றரை நாள் கூலி. ஒன்றரை நாள் கூலிக்காக ஒருவர் வேலையை விடுவாரா? பெரிய தொகை மாதாமாதம் வந்தால், அல்லது வருமானம் ஒரு எல்லையைத் தாண்டியதும் உதவி ஒரேயடியாக நின்றுபோனால் கேள்வி வேறு. அங்கே அந்தக் கவலைக்கு இடமுண்டு.

உதவி என்றால் எஸ்டிஆர் மட்டும்தானா என்பதையும் கேட்க வேண்டும். பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் 2025 செப்டம்பர் 30 அன்று எல்லாருக்கும் திறந்தபோது, லைசென்ஸ் உள்ள குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்கு, மானியமில்லாத விலை 2.60. முழு அளவையும் ஊற்றுகிறவருக்கு மாதம் 183 வெள்ளி உதவி. கப்சாயில் 20 லிட்டர் ஊற்றுகிறவருக்கு 12 வெள்ளி 20 காசு. சைக்கிளுக்கு ஒன்றுமில்லை. இதைச் சொன்னால் காரோட்டிகள் சுருக்கென்று கோபப்படுவார்கள். ஆகவே குற்றம் சாட்டும் குரலில் சொல்லாமல், “நாம எல்லாருமே ஏதோ ஒரு வகையில் வாங்குறோம், அப்புறம் யார் யாருக்கு எவ்வளவுன்னு பேசலாம்” என்ற குரலில் சொல்லுங்கள்.

எழுதும்போது

பதிலுக்கு முன் எதிராளியின் கருத்தை உங்கள் வார்த்தையில் சொல்லி, “நான் சரியாத்தான் புரிஞ்சிக்கிட்டேனா?” என்று கேளுங்கள். “ஆமா, அதான்” என்று அவர் சொன்ன பிறகுதான் உங்கள் எண். ஒரு செய்தியில் ஒரே ஒரு கூற்று. மூன்றைச் சேர்த்தால் மூன்றில் பலவீனமானதற்குத்தான் பதில் வரும். எண் சொன்னால் அது எந்த ஆண்டுடையது என்றும் சொல்லுங்கள். வரி விகிதமும் உதவித் தொகையும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகின்றன. குழுக்களில் சுற்றும் பல படங்கள் பொய் இல்லை, பழையவை. பலமுறை அனுப்பப்பட்டது என்பதற்கான இரட்டை அம்புக்குறி தெரிந்தால் தேதியைத் தேடுங்கள். நீதிமன்ற வழக்கு என்றால் கடைசித் தீர்ப்பு வரை பாருங்கள். 2017இல் ஜொகூர் பாருவில் எட்டுச் சிறுவர்கள் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்த வழக்கில், 2022இல் உயர்நீதிமன்றம் தண்டித்ததையும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்ததையும் ஆளுக்கொரு பாதியாகப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் ஏராளம்.

வயதில் மூத்தவரைக் குழுவில் எல்லார் முன்னிலும் திருத்த வேண்டாம். “ஐயா, இது பழைய விகிதம் போல இருக்கு, பார்த்துச் சொல்றீங்களா?” என்று தனியாக அனுப்பினால் அவரே திருத்திப் போடுவார். “அப்போ எம்பி சம்பளத்தைக் குறைக்கச் சொல்லு” என்று பேச்சு வேறு பக்கம் தாவினால், “அதையும் பேசலாம், முதல்ல இதை முடிப்போம்” என்று ஒரு தடவை சொல்லுங்கள். மறுபடியும் தாவினால் விட்டுவிடுங்கள். நியாயம் பற்றிய இடத்துக்கு இருவரும் வந்து சேர்ந்துவிட்டால் அங்கேயும் நிறுத்தலாம். அதற்கு மேல் ஓட்டுப் பெட்டியின் வேலை.

சைக்கிள் வாதத்தை மட்டும் அப்படி விட வேண்டாம். அதற்கு முடிவு ஊரிலேயே இருக்கிறது. ஆபத்தான இடம் எத்தனையாவது கட்டையில், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, ஓரம் எத்தனை அடி, தெருவிளக்கு எரிகிறதா, பள்ளிப் பிள்ளைகள் எங்கே குறுக்கே போகிறார்கள் என்று எழுதி, பகலில் ஒரு படம், விடியற்காலையில் ஒரு படம் எடுத்துச் சேருங்கள். டவுன் வழியாகப் போகும் முதலாம் எண் கூட்டரசு சாலை என்றால் பொதுப்பணித் துறைக்கு. வீடமைப்புத் தெரு என்றால் நகராண்மைக் கழகத்துக்கு. குலை லோரி திரும்பும் தோட்டத்து வாசல் என்றால் தோட்ட மேனேஜருக்கும் ஒரு பிரதி. குழுவில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் இருவர் அந்தக் கடிதத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், அலுவலகத்தில் அதைப் படிக்கிறவருக்கு அது ஒரு கோஷ்டியின் புலம்பலாகத் தெரியாது.